வாசல் விளக்கு

மார்கழி. நடுச்சாமம் கழிந்த நேரம்.

விழிப்பு வருகிறது. ஏன் என்று தெரியவில்லை. எங்கே படுத்திருக்கிறேன் என்பதே ஒரு கணம் கழித்துத்தான் வருகிறது. அதற்கு முன்னால் காது மட்டும் இருக்கிறது.

கேட்டின் கொண்டி அசைகிறது. இரும்பு இரும்பைத் தொடும் சின்ன ஓசை.

பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததில் உடம்பு எழுந்து உட்காருகிறது.

*

கொசுவத்தியின் சிவப்புப் புள்ளி. தூளிக் கயிறு கொக்கியில் உரசும் முனகல். பால் வாசனை. சாயங்காலம் பிள்ளைக்கு உரைத்த பேர் சொல்லாததின் வாசனை.

தங்கையின் மூச்சு கேட்கிறது. சீராக, ஆழமாக.

அம்மாவின் மூச்சு கேட்கவில்லை. அம்மாவும் விழித்துவிட்டாள்.

*

தங்கைக்குத் தலைப்பிரசவம். பிள்ளைக்கு இன்று 37ஆம் நாள். மாப்பிள்ளை ஓசூரில். சனிக்கிழமை வருவார். இன்று செவ்வாய்.

வீட்டில் ஆண் என்று அப்பாவின் படம் மட்டும்.

*

பெரியபாளையம் போகிற சாலையிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர். நஞ்சையாக இருந்த இடம். இப்போது மனைக்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கோரை. அடுத்த வீட்டு விளக்கு இங்கிருந்து மின்மினி அளவு.

அதற்கும் அப்பால் செங்கல் சூளைகள். பகலில் புகைபோக்கி தெரியும். இரவில் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

*

காலடி.

மனம் எண்ணத் தொடங்குகிறது. இரண்டு பேர். நான்கு. ஆறு. ஓசை அப்படியேதான் இருக்கிறது. எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது.

*

இரவில் தரை முதலில் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே இருக்கும் காற்றில் சூடு இன்னும் போகவில்லை. மேல்நோக்கிப் போகிற ஓசை அந்தச் சூட்டில் வளைந்து மறுபடி கீழே இறங்குகிறது. பகலில் கேட்காத நெடுஞ்சாலை லாரி இரவில் தலைமாட்டில் ஓடுவது இதனால்தான். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். வருடா வருடம்.

காலடிகள் தலைமாட்டில் நடக்கின்றன.

*

நாய் குரைக்கவில்லை.

எதற்கும் குரைக்கிற நாய். காய்ந்த மட்டை விழுந்தால் குரைக்கும். பால்காரரைப் பார்த்து ஆறு வருடமாகக் குரைக்கிறது.

அதற்கு என்ன ஆனது என்று நினைப்பு போகிறது. போன இடத்திலிருந்து திரும்பவில்லை.

*

கதவு தட்டப்படுகிறது. மூன்று முறை. மெதுவாக.

படபடவென்று தட்டியிருந்தால் தெரிந்தவர்கள் என்று நினைத்திருக்கலாம். சாவு சொல்ல வந்தவர்கள், பிரசவத்துக்குக் கார் கேட்டு வந்தவர்கள். இந்தத் தட்டலில் அவசரம் இல்லை. தயக்கம் இருக்கிறது. தயங்குகிறவர்கள் எதற்கு வருவார்கள், இந்த நேரத்தில்.

மறுபடி மூன்று.

நாக்கின் அடியில் செம்புக்காசு ருசி.

*

அம்மா எழுகிறாள். பாயின் சரசரப்பு. சுவரைத் தடவிக்கொண்டே முன்னறைக்குப் போகிறாள். அவள் நடையில் சத்தமே இல்லை. எழுபது வயதில் இப்படி நடக்க முடியும் என்று தெரியாது.

வாசல் விளக்கின் சுவிட்சை அணைக்கிறாள்.

இரவு முழுக்க எரிகிற விளக்கு. அப்பா வைத்த பழக்கம். பூச்சி பொட்டு வந்தால் தெரியட்டும் என்பார். அவர் போன பிறகும் எரிகிறது. கரண்ட் போனால் தவிர அணைந்து பார்த்ததில்லை.

டக்.

ஜன்னலின் கீழ் விளிம்பில் இருந்த மஞ்சள் கோடு இல்லாமல் போகிறது.

உடனே, வெளியே, ஒரு குழந்தை அழுகிறது.

*

அந்தச் செய்தி.

நள்ளிரவில் வாசலில் குழந்தை அழுதால் கதவைத் திறக்க வேண்டாம். அது பதிவு செய்த குரல். இரக்கப்பட்டுத் திறக்கும் வீட்டுக்குள் கும்பல் நுழைகிறது. கீழே காவல்துறையின் பெயர், ஒரு சிவப்பு விளக்குப் படம், கூப்பிய கைகள். இன்னொரு செய்தியில் குழந்தைக்குப் பதில் வாசல் குழாய். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு வெளியே வருவார்களாம்.

அம்மா படித்திருக்கிறாள். நான் படித்திருக்கிறேன்.

எங்களுக்கு அனுப்பியது தங்கை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி. பிரசவம் ஆன மூன்றாம் நாள்.

*

அழுகை தொடர்கிறது.

காது அதில் போலியைத் தேடுகிறது. எங்கேயாவது வெட்டு இருக்கிறதா. ஒரே இடம் திரும்பி வருகிறதா. மூச்சு இழுக்கும்போது ஒரு விக்கல். அடுத்த மூச்சிலும் அதே விக்கல். அதற்கடுத்ததிலும்.

போதும் என்கிறது மனம்.

தூளியில் கிடப்பவனும் இழுக்கும் மூச்சில் விக்குகிறவன்தான். அது அப்போது நினைவில் இல்லை.

*

அம்மாவின் கை என் முழங்கைக்கு மேலே. விரல்கள் சில்லென்று.

"யாரா இருக்கும்மா, திரு…"

"பேர் சொல்லாதடி."

இருட்டிய பிறகு சிலவற்றுக்கு இந்த வீட்டில் பெயர் கிடையாது. பாம்பு, பூச்சி. வசம்பு, பேர் சொல்லாதது. பாட்டி காலத்திலிருந்து. பெயர் சொன்னால் வந்துவிடும் என்பது ஒரு கணக்கு. சொல்லாவிட்டால் வராது என்று யாரும் சொன்னதில்லை.

*

2005 ஜனவரி. கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம். இரவில் வீட்டுக் கதவை உடைத்து வந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொல்கிறார்கள். வடக்கிலிருந்து லாரியில் வந்து, நெடுஞ்சாலையை ஒட்டிய தனி வீடுகளாகப் பார்த்து நுழையும் கூட்டம் என்று பிறகு தெரிகிறது.

அதே மாவட்டம். அதே போன்ற தனி வீடு.

அந்தப் பொங்கலுக்கு அப்பா வெள்ளையடிக்கவில்லை. அந்தப் பணத்தில் ஜன்னலுக்கு இன்னொரு வரிசைக் கம்பி வந்தது. கதவுக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் வந்தது. தச்சர் அதைப் பொருத்தும்போது அம்மா பக்கத்திலேயே நின்று தூக்கிப் பார்க்கிறாள், இறக்கிப் பார்க்கிறாள், மறுபடி தூக்கிப் பார்க்கிறாள்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிய படம் 2017இல் வருகிறது. டிவியில் போட்டபோது அம்மா பாதியில் எழுந்து போகிறாள். போய்க் கதவைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

*

வெளியே பேச்சுக் குரல். ஆண். தணிந்த குரல்.

தமிழ் இல்லை. தெலுங்கும் இல்லை. எல்லைப் பக்கம் என்பதால் தெலுங்கு பாதி புரியும். இது ஒரு சொல்லும் புரியவில்லை.

புரியாத பேச்சுக்கு இந்த வீட்டில் ஒரே பெயர்தான். இந்தி.

*

ஜன்னல் கதவில் ஒரு விரல் அகல இடுக்கு. கண்ணை வைக்கிறேன். இரும்புக் கம்பியின் குளிர் புருவத்தில்.

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. பார்வையைச் சற்று விலக்கினால் உருவம் திரள்கிறது. மங்கலான வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் இல்லை. சுற்றிலும்தான் இருக்கின்றன. மங்கிய நட்சத்திரத்தை ஓரக்கண்ணால் பார்க்கச் சொல்வது இதற்காக.

ஓரக்கண்ணில் ஒருவன். தோளில் நீளமாக ஏதோ. கடப்பாரை.

இன்னொருவன் கையில் பளபளப்பு.

மூன்றாமவன் தலையில் மூட்டை. ஏற்கெனவே எங்கோ முடித்துவிட்டு வருகிறார்கள்.

எல்லாம் பொருந்துகிறது.

*

பல்லி சொல்கிறது. வடகிழக்கு மூலை. அந்த மூலையில் சொன்னால் என்ன பலன் என்று அம்மாவுக்குத் தெரியும். அம்மா கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

*

செல்போன். வெளிச்சத்தை உள்ளங்கையால் மூடியபடி. விரல்களின் ஓரம் சிவப்பாகத் தெரிகிறது. ரத்தம் ஓடுவதைக்கூடப் பார்க்கலாம்போல.

100 என்று அடித்தாகிவிட்டது. பச்சை வட்டத்தைத் தொட வேண்டும். அவர்கள் வர எவ்வளவு நேரமாகும்.

அடுத்த வீட்டு அண்ணனின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

தெருக் குழு இருக்கிறது. வாட்ஸ்அப்பில். நூற்றுச் சொச்சம் பேர். இந்த நேரத்திலும் நாலைந்து பேர் விழித்திருப்பார்கள். ஒருவர் வந்தால் பத்துப் பேர் வருவார்கள். கம்போடு வருவார்கள்.

எழுதுகிறேன். எழுத்துகள் தாறுமாறாக விழுகின்றன. அழித்து மறுபடி.

வாசல்ல நாலு வடநாட்டு ஆளுங்க

அடுத்த சொல் வரவில்லை. என்ன செய்கிறார்கள் என்று எழுத வேண்டும். என்ன செய்கிறார்கள். நிற்கிறார்கள்.

விரல் நிற்கிறது.

*

"அக்கா."

தங்கை உட்கார்ந்திருக்கிறாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. இரண்டு கையும் மார்பில்.

"பால் வந்துடுச்சு."

நைட்டியின் முன்பக்கம் நனைந்திருக்கிறது. இருட்டிலும் அந்த நனைவு தெரிகிறது. தூளியில் பிள்ளை தூங்குகிறான்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

*

குழந்தை அழும் சத்தத்தில் பால் இறங்கும். சொந்தப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரெயிலில் யாரோ பெற்ற பிள்ளை அழுதாலும் இறங்கும். பதிவு செய்த அழுகைக்கும் இறங்கும்.

ஆகவே இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அப்போதும் தெரிந்தே இருக்கிறது, எதுவும் சொல்ல முடியாது என்று.

*

தூளி ஒரு முறை குலுங்குகிறது.

பிள்ளை அழத் தொடங்குகிறான்.

தங்கை அவனைத் தூக்கவில்லை. அம்மா வாயைப் பொத்தச் சொல்லவில்லை. மூவரும் நின்ற இடத்தில் நிற்கிறோம்.

உள்ளே ஒரு அழுகை. வெளியே ஒரு அழுகை. இது மூச்சு வாங்கும்போது அது. அது மூச்சு வாங்கும்போது இது. நடுவில் கதவு. இரண்டு அங்குலத் தேக்கு, அதன் மேல் எனாமல் பெயிண்ட், அதன் மேல் போன வருட மாவிலைத் தோரணத்தின் காய்ந்த நார்.

இரண்டும் ஒன்றையொன்று கேட்கின்றன.

*

வெளியே ஒரு பெண் குரல். முதன்முறையாக.

"மா."

அவ்வளவுதான். பிள்ளையைச் சமாதானம் செய்கிறாளா, தன் தாயை நினைக்கிறாளா, எங்களைக் கூப்பிடுகிறாளா. ஒற்றை எழுத்து.

*

பிறகு அம்மா குறுக்குச் சட்டத்தைத் தூக்குகிறாள்.

நான் சொல்லவில்லை. தங்கை சொல்லவில்லை. அம்மாவிடம் பிறகு கேட்டால், நீதானே திறக்கச் சொன்னே என்கிறாள்.

மேல்தாழ்ப்பாள் வந்துவிடுகிறது. கீழ்த்தாழ்ப்பாள் வரவில்லை. கார்த்திகை மழையில் கதவு உப்பியிருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறாள். அது கிறீச்சென்று அலறுகிறது.

வெளியே தடதடவென்று ஓடும் ஓசை.

ஓடுகிறார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து.

*

விளக்கு போட்டாகிவிட்டது.

கேட்டுக்கு வெளியே, வெளிச்சம் முடியும் இடத்தில், மூன்று ஆண்கள். ஒரு பெண். அவள் இடுப்பில் ஒன்று.

கடப்பாரை, சுருட்டிய தார்ப்பாய்.

பளபளப்பது அலுமினியத் தேக்சா. அடி கருகியது.

மூட்டை, மூட்டைதான்.

நாய் அந்தப் பெண்ணின் காலடியில் படுத்திருக்கிறது. வால் ஒரு முறை தரையைத் தட்டுகிறது. அவர்கள் வந்த கணத்திலேயே அது தன் முடிவைச் செய்துவிட்டிருக்க வேண்டும். எங்களுக்குத்தான் சொல்லவில்லை.

*

மூவரில் சின்னவன் முன்னால் வருகிறான். பதினெட்டு இருந்தால் அதிகம். கைகளைக் கூப்புகிறான். கூப்பிய கைகளுக்கு நடுவே பட்டன் போன். திரை கறுப்பு.

"சார்ஜ்," என்கிறான்.

சற்று யோசித்து இன்னொரு சொல். "சூளை."

அவனிடம் இருக்கும் தமிழ் அவ்வளவு. சார்ஜும் சேர்த்தால் இரண்டு.

*

ஊசி முனை சார்ஜர். இப்போது யார் வீட்டிலும் இருக்காது. அப்பாவின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பழைய நோக்கியாவுடையது. போனை எப்போதோ போட்டாயிற்று. சார்ஜரை ஏன் வைத்திருக்கிறோம் என்று தெரியாது.

செருகுகிறேன். ஒரு நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு திரையில் காலிப் பாட்டரியின் படம். ஒரு கோடு ஏறுகிறது. இறங்குகிறது. ஏறுகிறது.

எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

*

பலாங்கீர் என்கிறான். கையை வடக்கே நீட்டி, பிறகு இன்னும் வடக்கே நீட்டி. ஒடிசா.

அப்படியானால் இந்தி இல்லை.

அங்கே ஆவணியில் புது நெல்லுக்குத் திருநாள். நுவாகாய். அது முடிந்ததும் தரகர் வந்து முன்பணம் தருவார். அந்தப் பணத்துக்கு ஒரு குடும்பமே ரெயிலேறும். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை. இங்கே சூளைகளில் ஆறு மாதம். மண் குழைக்க, அறுக்க, அடுக்க. மழை வருவதற்குள் திரும்ப வேண்டும். செய்தித்தாளில் படித்தது. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளிலிருந்து ஆட்களை மீட்டார்கள் என்று எப்போதாவது ஒரு பத்தி வரும். படித்துவிட்டுப் பக்கம் திருப்பியதுதான்.

இவர்களை வேன் டிரைவர் வேறு கூட்டுச்சாலையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். மேஸ்திரியின் எண் அந்தப் போனுக்குள். இவ்வளவும் கை ஜாடையில். வேன் என்பதற்கு அவன் வாயால் ஓட்டிக் காட்டுகிறான். தங்கை சிரித்துவிடுகிறாள். சிரித்ததற்கு உடனே வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

நடந்து வந்திருக்கிறார்கள். சுற்றிலும் இருட்டு. ஒரு விளக்கு தெரிந்திருக்கிறது. அதை நோக்கி.

தட்டியிருக்கிறார்கள். விளக்கு அணைந்திருக்கிறது.

குழந்தை அழுதிருக்கிறது.

*

பெண் படியில் உட்காரவில்லை. படிக்குக் கீழே மண்ணில் உட்காருகிறாள். அம்மா படியைத் தட்டிக் காட்டுகிறாள். அவள் தலையசைக்கிறாள். அம்மா மறுபடி தட்டுகிறாள். பிறகு அம்மாவே இறங்கி அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொள்கிறாள். முட்டிவலிக்காரி.

வாசல் சுவரில் பூச்சு உதிர்ந்த இடம் ஒன்று இருக்கிறது. உள்ளே செங்கல் தெரிகிறது.

*

ராத்திரி மீந்த சோறு. தண்ணீர் ஊற்றி வைத்தது. தேக்சாவில் கொட்டுகிறாள் அம்மா. வெந்நீர் ஒரு சொம்பு.

சின்னவன் விரல் நுனிகளைச் சேர்த்துத் தேய்த்துக் காட்டுகிறான். உப்பு.

விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் வெளியே போகக் கூடாது. எதிர்வீட்டில் ஆள் இருந்த காலத்தில் அவர்களுக்கே கொடுத்ததில்லை. பத்து வயதில் நான் ஒரு முறை கொடுத்து அடி வாங்கியிருக்கிறேன்.

அம்மா உள்ளே போகிறாள். ஜாடியின் மூடி திறக்கும் ஓசை.

கல்லுப்பு. கை நிறைய.

*

இரண்டு குழந்தைகளும் அமைதியாகிவிட்டன. எது முதலில் நிறுத்தியது என்று யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் குழந்தை பெண். ஏழெட்டு மாதம் இருக்கும். நெற்றியோரத்தில் மைப் பொட்டு. பெரிது. பிள்ளையின் கன்னத்தில் தங்கை வைத்ததைப் போலவே பெரிது. தங்கை அவளையே பார்க்கிறாள். நைட்டியின் மேல் துண்டைப் போர்த்தியிருக்கிறாள். ஈரம் துண்டுக்கும் வந்துவிட்டது.

வாங்கிக்கொள்ள வேண்டும்போல அவள் கை ஒரு முறை நீள்கிறது. பாதியில் நின்று, துண்டைச் சரி செய்வதாக முடிகிறது.

*

போன் உயிர் பெறுகிறது. மேஸ்திரி முதலில் திட்டுகிறார். அது எந்த மொழியிலும் புரியும். பிறகு என்னிடம் போன் வருகிறது. இடம் கேட்கிறார். தமிழில் சொல்கிறேன். என் குரல் சாதாரணமாக இருக்கிறது.

மூன்றே முக்காலுக்குக் குட்டி யானை வண்டி. பின்னால் ஏறிக்கொள்கிறார்கள். தார்ப்பாயைப் பிரித்து மேலே போர்த்திக்கொள்கிறார்கள். பனி.

சின்னவன் சார்ஜரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுக்கிறான். வைத்துக்கொள் என்று சொல்லத் தோன்றவில்லை. வண்டி திரும்பிய பிறகு தோன்றுகிறது.

*

அவர்கள் போன பிறகு நடுக்கம் வருகிறது.

டம்ளர் பல்லில் மோதுகிறது. முழங்காலுக்குக் கீழே கால் வேறு யாருடையதோ. அதுவரை எங்கே இருந்தது இது.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கும்பிடவில்லை. உட்கார்ந்திருக்கிறாள்.

தங்கை பால் கொடுக்கிறாள். பிள்ளை விழுங்கும் சத்தம். க்ளக். க்ளக். அதைத் தவிர வீட்டில் எதுவும் இல்லை.

*

நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கி. மார்கழிப் பாட்டு. தூங்குகிறவர்களை எழுப்பும் பாட்டு.

வாசல் தெளிக்கப் போகிறேன். நேற்றுக் கோலத்தில் காலடிகள். செருப்புத் தடம் மூன்று. வெறுங்கால் தடம் ஒன்று. வெறுங்காலில் விரல்கள் அகன்று பதிந்திருக்கின்றன. நெளியில் மாவு இழுபட்டுத் தட்டியவர்கள் நின்ற இடம்வரை போகிறது.

வாளித் தண்ணீரைத் தெளிக்கிறேன். இருபத்தொரு புள்ளி வைக்க இன்றைக்கு முடியாது. ஏழு புள்ளி.

*

சில நாள் கழித்து.

அந்தச் செய்தியின் தடத்தைத் தேடிப் பார்க்கிறேன். 2003இல் இருக்கிறது. அமெரிக்காவில், லூசியானாவில், பெண்களைக் கொன்றுவந்த ஒருவனைப் பற்றிய பீதியின்போது மின்னஞ்சலில் சுற்றியிருக்கிறது. வாசலில் பதிவு செய்த குழந்தை அழுகை. வாட்ஸ்அப் அப்போது பிறக்கவே இல்லை.

கடல் தாண்டி, மொழி மாறி, கூப்பிய கைகளும் சிவப்பு விளக்கும் ஒட்டிக்கொண்டு, ஒரு பிரசவ வார்டுக்கு வந்திருக்கிறது.

*

2009. ஜெர்மனியைச் சேர்ந்த காத்லீன் வெர்ம்கே என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும், பிறந்த சில நாளே ஆன 60 குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து ஆராய்ந்ததை வெளியிடுகிறார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை தாழத் தொடங்கி மேலேறுகிறது. ஜெர்மன் குழந்தைகளுடையது மேலே தொடங்கி இறங்குகிறது. வயிற்றுக்குள் கேட்ட பேச்சின் ஏற்ற இறக்கம்.

அன்று இரவு உள்ளே அழுதது தமிழ். வெளியே அழுதது ஒடியா.

வித்தியாசம் கேட்டதா என்று நினைவைத் தடவிப் பார்க்கிறேன். விக்கல் மட்டும் வருகிறது.

*

இன்னொரு ஆய்வு, 1982. பிறந்து ஓரிரு நாளான குழந்தை, வேறொரு குழந்தையின் அழுகையைப் போட்டுக் காட்டினால் தானும் அழுகிறது. தன் அழுகையையே போட்டுக் காட்டினால் பேசாமல் இருக்கிறது.

அதை இரண்டு முறை படிக்கிறேன். மூடி வைக்கிறேன்.

*

2018 மே. போளூர் பக்கம் அத்திமூர். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம். வழியில் நிறுத்துகிறார்கள். 65 வயது அம்மாள் அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்கிறார். பிள்ளை பிடிக்க வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வந்திருக்கிறது. அவர்கள் பேசியது தமிழ். ஊர் கூடி அடிக்கிறது. அந்த அம்மாள் பிழைக்கவில்லை.

அதே வருடம் ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி கட்டுப்பாடு வருகிறது.

ஐந்து என்பதில் ஒரு குழுவும் ஒன்றுதான். நூற்றுச் சொச்சம் பேர் இருந்தாலும்.

*

இரவுகள் பழையபடி. கொண்டி அசையாமலே சில இரவு விழிப்பு வருகிறது. காது முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறது. சுவர்க்கோழி. பனிச் சொட்டு தகரத்தில். லாரி.

அம்மா அந்த நேரத்தில் விழித்திருந்தால் தெரிகிறது. மூச்சு கேட்பதில்லை.

இருவரும் பேசுவதில்லை.

*

பயந்தோமா என்று மாப்பிள்ளை சனிக்கிழமை கேட்கிறார். தங்கை, இல்லை என்கிறாள். அம்மா, வழி தெரியாம வந்தாங்க பாவம் என்கிறாள். நான் காபியை ஆற்றிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் அவர் கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிவருகிறார். கேமரா ஒன்றுக்கு விலை கேட்டுவந்திருக்கிறார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

*

தை பிறந்து சூளைப் பக்கம் புகை. காற்று இந்தப் பக்கம் திரும்பும் நாளில் கொடியில் காயும் குழந்தைத் துணியில் அந்த வாசனை.

எத்தனையாவது சூளை என்று கேட்டுவைக்கவில்லை.

*

அம்மாவின் போனுக்கு அந்தச் செய்தி மறுபடி வந்திருக்கிறது. வேறு குழுவிலிருந்து. படித்துக் காட்டு என்கிறாள், கண்ணாடி இல்லாததால். படித்துக் காட்டுகிறேன். கேட்டுக்கொள்கிறாள். அரிசியில் கல் பொறுக்குவதைத் தொடர்கிறாள்.

*

வாசல் விளக்கு எரிகிறது. கீழ்த்தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாகிவிட்டது.

தெருக் குழுவின் பெயருக்குக் கீழே, பச்சை எழுத்தில் வரைவு என்று போட்டு, அந்த வரி அப்படியே இருக்கிறது. வாசல்ல நாலு வடநாட்டு ஆளுங்க.